லினக்ஸில் இணைய அமைப்புகளைச் சீர்செய்தது: நிலைத்தவையும் நீக்கியவையும்

பல ஆண்டுகளாக லினக்ஸையே என் அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். இணைய வேகத்தைக் கூட்டும் என்று பரிந்துரைக்கப்படும் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அமைப்புகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக இட்டு, நீண்ட காலம் வைத்திருந்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் இன்று என் கணினியில் மிஞ்சியிருப்பவை மிகச் சில. பதிவிறக்க வேகத்தைக் கெர்னல் அமைப்பு எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை. இணைப்பு முழுவதும் பயன்பாட்டில் இருக்கும் நேரத்தில் ஏற்படும் தாமதத்தைக் குறைத்தவை மட்டுமே அன்றாடப் பயன்பாட்டில் உணரும்படியான மாற்றத்தைத் தந்தன.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் கேபிளையும் வைஃபையையும் பார்த்துவிடுவது நல்லது. நொடிக்கு 1000 மெகாபிட் இணைப்புக்குக் கேபிளின் உள்ளே இருக்கும் 4 இணைக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 இணைகளே போதும். 100 மெகாபிட்டுக்குத் தேவைப்படாத இணைகளில் ஒரு கம்பி அறுந்திருந்தால் இணைப்பு பெரும்பாலும் நின்றுவிடாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், பயனர் குறையை வேறெங்கோ தேடுவார். கேபிள் இணைப்பின் நிலையைக் காட்டும் எத்டூல் கட்டளை சொல்லும் வேகத்தை ஒருமுறை பார்த்தாலே இது தெரிந்துவிடும். வைஃபையில் நான் கண்ட பெரிய மாற்றம் மின்சேமிப்பு முறையை அணைத்ததால் வந்தது. அது இயங்கியபோது பக்கத்திலேயே இருக்கும் ரூட்டருக்கான பிங் நேரம்கூட (ஒரு சிறு செய்தி சென்று பதில் திரும்ப ஆகும் நேரம்) சில மில்லிநொடிகளுக்கும் நூறு மில்லிநொடிக்கும் இடையே ஏறி இறங்கியது. அணைத்த பிறகு நிலையாக நின்றது. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் நிரலின் அமைப்புக் கோப்பில் வைஃபை மின்சேமிப்புக்கு 2 என்ற மதிப்பை இட்டால் அது நிரந்தரமாக அணைந்துவிடும். மடிக்கணினியின் மின்கலம் சற்று விரைவாகத் தீரும் என்றாலும், தொலைவிலுள்ள கணினியின் முனையத்தில் தட்டச்சு செய்பவர்களுக்கு அந்த இழப்பு ஏற்கத்தக்கதே.

அடுத்து பிபிஆர். கூகுள் 2016இல் வெளியிட்ட இந்த நெரிசல் கட்டுப்பாட்டு முறை (பாதை நெரியாதபடி தரவை எவ்வளவு வேகமாக அனுப்புவது என்று முடிவுசெய்யும் முறை), அதே ஆண்டு வந்த 4.9 கெர்னலில் சேர்ந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே இயல்பான முறையாக இருந்துவரும் கியூபிக், பாக்கெட் (அனுப்பும் தரவின் சிறு துண்டு) தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். பிபிஆர் பாதையின் கொள்ளளவையும் சுற்றுநேரத்தையும் (தரவு போய்ப் பதில் வர ஆகும் நேரம்) தானே மதிப்பிட்டு அதற்கேற்ப அனுப்பும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நெரிசல் கட்டுப்பாடு அனுப்பும் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. நாம் ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது அனுப்புவது தொலைவிலுள்ள வழங்கி (சர்வர்). எனவே நம் கணினியில் பிபிஆரை இயக்குவதால் பதிவிறக்கத்தில் எந்த மாற்றமும் வராது. பாக்கெட்டுகள் அவ்வப்போது தொலைந்துபோகும் நீண்ட பாதைகளில் பெரிய கோப்புகளைப் பதிவேற்றும்போது அதன் பயனைத் தெளிவாகக் கண்டிருக்கிறேன். அதனால்தான் அதை இன்றும் வைத்திருக்கிறேன்.

பஃபர் (தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் நினைவிடம்) அளவுகளைப் பற்றிய அறிவுரைகளே எண்ணிக்கையில் மிக அதிகம், பலனில் மிகக் குறைவு. ஒரு பாதையை நிரப்பத் தேவையான பஃபர் என்பது இணைப்பின் வேகத்தைச் சுற்றுநேரத்தால் பெருக்கி வருவது. நொடிக்கு 100 மெகாபிட் வேகமும் 200 மில்லிநொடி சுற்றுநேரமும் உள்ள பாதைக்கு 2.5 மெகாபைட் போதும். கெர்னல் பெறும் பஃபரைத் தேவைக்கேற்பத் தானாகவே விரித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உச்சவரம்பாக நீண்ட காலம் இருந்துவந்த 6 மெகாபைட் இதற்குப் போதுமானது. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் அதே சுற்றுநேரத்தில் உள்ள வழங்கியிலிருந்து ஒரே இணைப்பாகப் பதிவிறக்கினால் 25 மெகாபைட் வேண்டும். அந்த ஒரு நிலையில் வரம்பை உயர்த்துவது உண்மையாகவே பயன் தரும்.

இனி நான் மிகவும் மதிக்கும் மாற்றத்துக்கு வருகிறேன். பெரிய கோப்பு ஒன்று பதிவேறிக்கொண்டிருக்கும்போது காணொளி அழைப்பு விட்டுவிட்டுக் கேட்பதும், வலைப்பக்கங்கள் திறக்கத் தயங்குவதும் பலருக்கும் பழக்கமானவை. மோடமும் ரூட்டரும் தேவைக்கு மேல் நீண்ட வரிசையில் பாக்கெட்டுகளைத் தேக்கிவைப்பதே இதன் காரணம். பஃபர்ப்ளோட் என்பது இக்குறையின் பெயர். 2012இல் 3.5 கெர்னலில் வந்த எஃப்க்யூ கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை, வரிசையில் பாக்கெட் காத்திருக்கும் நேரத்தை அளந்து தேக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. பல லினக்ஸ் வினியோகங்களில் (உபுண்டு போன்ற வடிவங்களில்) இன்று அதுவே இயல்பு. ஆனால் தேக்கம் நம் கணினியில் ஏற்படாமல் மோடத்தில் ஏற்படும்வரை அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 2018இல் 4.19 கெர்னலில் சேர்ந்த கேக் என்ற இன்னொரு வரிசை மேலாண்மை முறை இதற்கு வழி தருகிறது: உண்மையான பதிவேற்ற வேகத்தைவிடச் சற்றுக் குறைவான, ஏறக்குறைய 90 முதல் 95 விழுக்காடு வரையிலான வேகத்தை அதற்கு வரம்பாகக் கொடுத்தால், தேக்கம் மோடத்திலிருந்து நம் கணினிக்கு இடம் மாறும். மாறிய பிறகு அதைக் கேக் ஒழுங்காக நிர்வகிக்கிறது. பதிவேற்றத்தின்போது நூற்றுக்கணக்கான மில்லிநொடிகளாக உயர்ந்துவந்த பிங் நேரம், இணைப்பு ஓய்வில் இருக்கும்போது காணும் அளவுக்கு அருகிலேயே நின்றது. வேகத்தில் சிறு பகுதியை விட்டுக்கொடுத்து இத்தகைய நிதானத்தைப் பெறுவது மிகச் சிறந்த பேரம் என்பதே என் உறுதியான கருத்து. இந்த அமைப்பு மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். ஆகவே இணைப்பு எழும்போதெல்லாம் அதை மீண்டும் இடும் சிறு நிரலை நெட்வொர்க் மேனேஜரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் வழங்கியை மாற்றுவது பக்கம் திறக்கத் தொடங்கும் கணத்தைச் சற்று முன்னுக்குக் கொண்டுவரலாம்; அதற்குப் பிறகான வேகத்தைக் கூட்டாது. சில வேளைகளில் உள்ளடக்கத்தைத் தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து பெறும்படியும் ஆகிவிடும். கணினியிலேயே டிஎன்எஸ் பதில்களைச் சேமித்துவைக்கும் சேவை இயங்குகிறதா என்று பார்ப்பதே போதுமானது.

பழைய பட்டியல்களில் இன்றும் தென்படும் சில பரிந்துரைகளை எவரும் பின்பற்ற வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். டிசிபி என்ற தரவுப் பரிமாற்ற நெறிமுறையின் நேரமுத்திரையையும், தொலைந்த பாக்கெட்டுகளை மட்டும் மீண்டும் அனுப்ப உதவும் சாக் வசதியையும் அணைப்பது, பாக்கெட் தொலையும்போது மீள்வதை மந்தமாக்கும். 2019இல் சாக் தொடர்பான பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோது அதைத் தற்காலிகமாக அணைக்கச் சொன்னது உண்மை. திருத்தப்பட்ட கெர்னலில் அதற்குத் தேவையில்லை. முடிந்த இணைப்புகளின் பதிவுகளை விரைந்து நீக்கும் டைம்வெயிட் ரீசைக்கிள் என்ற அமைப்பு, ஒரே முகவரியைப் பலர் பகிரும் வலையமைப்புகளில் இணைப்புகளை முறித்ததால் 2017இல் வந்த 4.12 கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டது; அதைப் பரிந்துரைக்கும் பட்டியல் எவ்வளவு பழையது என்பதை இதிலிருந்தே அறியலாம். புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6ஐ முழுவதுமாக அணைப்பதும் அவ்வாறே தேவையற்றது.

எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் கோப்புறையில் அதற்கென்று தனிக் கோப்பு வைத்து, காரணத்தையும் அதிலேயே குறிப்பாக எழுதிவையுங்கள். பதிவேற்றத்தை ஓடவிட்டு, அதே நேரத்தில் பிங் நேரத்தைக் கவனியுங்கள். வேகச் சோதனைத் தளங்கள் பெரிதாகக் காட்டும் பதிவிறக்க எண்ணைவிட அது உங்கள் இணைப்பைப் பற்றி அதிகம் சொல்லும். ஒரே இணைப்பைப் பல கருவிகள் பகிரும் இடத்தில் கேக்கைக் கணினியில் இடுவது போதாது, ஏனெனில் மற்றக் கருவிகள் உண்டாக்கும் தேக்கம் அதன் கைக்கு எட்டாது. அங்கே அது ரூட்டரில்தான் இருக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல இயங்குதளம் உள்ள ரூட்டர்களில், வரிசைகளை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவினால் பதிவிறக்கத் திசையிலும் அதே கட்டுப்பாட்டைப் பெறலாம்.