ஐந்து ஆடி அமாவாசை பார்த்த கூடாரம்

போன வாரம் அம்பாசமுத்திரத்தில் டெய்லர் கடையில் கூடாரத்தின் ஜிப்பைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு நின்றேன். எங்கள் தெரு அண்ணாச்சி பார்த்துவிட்டார். "தம்பி, காரையாறுக்குக் கொண்டு போவியளே, அதுதானா? நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கட்டுமா?" என்றார். கடை வாசலில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

நான்கு பேர் படுக்கிற சாதாரணக் கூடாரம். 2018-ல் வாங்கினேன். கொரோனா வருடங்களை விட்டால், ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் காரையாறு காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோவில் ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்னால் எங்களுக்கு மூங்கில் கம்பும் தார்ப்பாயும் பழைய சேலைகளும்தான். தாத்தா காலத்தில் வாரக்கணக்கில் குடில் போட்டுத் தங்கினார்கள். 1988-ல் புலிகள் காப்பகம் ஆன காடு அது. இப்போது திருவிழாவுக்குச் சில நாள்தான் அனுமதி. அதில் அரை நாளைக் கம்பு நடவே கொடுக்க மனசு வராது. இது பத்து நிமிட வேலை.

முதல் வருடமே அம்மா ஆற்றில் முழுகிவிட்டு வந்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, நிதானமாகச் சேலை மாற்றினாள். அத்தனை வருடம் சித்தியும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் துணியைப் பிடித்து நிற்க, நடுவில் கூசிக் குறுகி மாற்றியவள். வெளியே வந்தவள் முகத்தை நான் மறக்கவில்லை. கொடுத்த காசு அன்றைக்கே சரியாகிவிட்டது. குரங்கு கையில் போகாமல் புளியோதரைத் தூக்குவாளியும் உள்ளே பத்திரமாக இருந்தது.

ஆனால் ராத்திரி ஆனால் சொட்டும். ஐந்து திருவிழாவிலும் சொட்டியது. மழைத் தண்ணீர் இல்லை, எங்கள் மூச்சுத் தண்ணீர். அட்டையில் 2000 மி.மீ. உயர நீரைத் தாங்கும் என்று போட்டிருந்தான், அது பொய்யில்லை. சாரல் ஒரு துளி உள்ளே வந்ததில்லை. வெளித் தண்ணீரை விடாத துணி உள்ளே இருக்கிற ஈரத்தையும் விடாது, அதுதான் சிக்கல். ஒற்றை அடுக்குத் துணி, நாலு பேர் மூச்சு, மூலையில் ஈரத்துண்டு வேறு. அம்மியையே பறக்க வைக்கிற ஆடிக் காற்றுக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிடுவோம். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த ஈரம் குளிர்ந்த துணியில் முத்து முத்தாகக் கோத்து, யாராவது புரண்டு கம்பியில் முட்டினால் மொத்தமாக முகத்தில் விழும். போன வருடம் ஆச்சியின் தலையணை தொப்பலாகிவிட்டது. எண்பது வயதுக்காரி எழுந்து உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஜிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆற்று மணல் ஏறி ஏறி ஓடுகிற வண்டி தேய்ந்து வாய் அகன்றிருந்தது, பல் நன்றாகவே இருக்கிறது. டெய்லர் குறட்டால் இரண்டு பக்கமும் லேசாக நெரித்தார், மெழுகுதிரியைத் தேய்த்தார், கடித்துக்கொண்டது. ஒரு பக்க வண்டியை மட்டும் புதிதாக மாற்றினார். தரைத்துணியின் உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டுவது என் தப்பு. 2019-ல் ஈரம் காயாமல் சுருட்டிப் பரணில் போட்டேன், கொரோனா முடிகிறவரை அப்படியே கிடந்தது.

அண்ணாச்சி, இவ்வளவு உழைத்த பொருளைக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. இருந்தாலும் நீங்கள் இதை வாங்க வேண்டாம். உள்ளே வலைத்துணி, மேலே தனியாக மழைத்துணி என்று இரண்டு அடுக்கு வருகிறதே, அதைப் பாருங்கள். எடை கூடும், பரவாயில்லை. அதற்குள் அமாவாசை வந்துவிட்டால் எங்களுடையதைக் கொண்டுபோங்கள். மைனி துணி மாற்றவாவது ஆகும். ராத்திரி மட்டும் காற்று எவ்வளவு அடித்தாலும் இரண்டு ஜன்னலையும் நாலு விரல் திறந்தே வையுங்கள். வயசான ஆளை நடுவில் படுக்க வையுங்கள், கம்பி ஓரமாக வேண்டாம்.