விண்வெளி நிலையத்துடன் பேச: நேரடி ரேடியோவா, தொலைபேசிப் பாலமா?

பன்னாட்டு விண்வெளி நிலைய வீரர்களுடன் மாணவர்களை ரேடியோவில் பேசவைக்கும் ஆரிஸ் திட்டத்தில் வாய்ப்பு கிடைத்த பள்ளிகளுக்கு வரும் முதல் குழப்பம் இது. எந்த வழியானாலும் பேச்சு சுமார் 10 நிமிடம்தான். அதற்குள் நிலையம் அடிவானத்தில் மறைந்துவிடும்.

செலவு:
நேரடி என்றால் யாகி ஆன்டெனா (ஒரே திசையை நோக்கி அலை பிடிக்கும் வகை), அதைத் திருப்பும் ரொட்டேட்டர், ரேடியோ, கைவசம் இன்னொரு ரேடியோ எல்லாம் வேண்டும்.
பாலத்துக்குத் தொலைபேசி இணைப்பும் ஸ்பீக்கரும் போதும். வேறு நாட்டிலுள்ள ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ ஆர்வலர்) நிலையம் விண்வெளியிலிருந்து வரும் அலையைப் பிடித்துத் தொலைபேசி வழியே தரும்.

நேரம்:
நேரடியில், நிலையம் உங்கள் ஊர்ப்பக்கம் வரும் வேளைதான்.
பாலத்தில், விண்வெளி நிலையம் அந்த ஹாம் நிலையத்தைக் கடக்கும் சுற்றுகளில் பள்ளி நேரத்துக்குத் தோதானதைத் தேடலாம்.

அனுபவம்:
இங்கே நேரடிக்கு ஈடே இல்லை. தங்கள் பள்ளி மொட்டைமாடியில் ஆன்டெனா விண்வெளி நிலையத்தைப் பின்தொடர்ந்து திரும்புவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 145.800 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலுக்கு நடுவே குரல் எழும்போது உடம்பு சிலிர்த்துவிடும்.

அருகில் உதவ ஹாம் சங்கம் இருந்தால் நேரடி. இல்லையா, தயங்காமல் பாலம். பதில் சொல்பவர் அதே விண்வெளி வீரர்தான்.