‘இப்போது முடிவெடு’ என்று சொல்லும் புத்தகம்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

என்னிடமுள்ள போர்க்களக் கதைப் புத்தகத்துக்குப் புது பைண்டிங் போட்டு வாங்கிவந்த வாரத்தில், புதுச்சேரி நண்பர் ஒருவர் கேட்டார். என்.சி.சி.யில் இருக்கும் அவர் மகள், ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குத் தயாராகிறாள், கடலூர்க் கல்லூரிக் கேடட்களுக்கு நான் வாசித்துக் காட்டும் அந்த அமெரிக்கப் புத்தகத்தை அவளுக்கும் வாங்கித் தரலாமா என்றார். தொலைபேசியில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்காததால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இவ்வகை நூல்களின் அமைப்பு பலரும் அறிந்ததுதான். படிப்பவரே பிளட்டூன் (முப்பது பேர் அளவிலான படைப்பிரிவு) தலைவர். கதை ஓரிடத்தில் நின்று இரண்டு மூன்று வழிகளைக் காட்டும். தேர்ந்த வழிக்கேற்ப வேறு பக்கத்துக்கு அனுப்பும். என் பிரதி புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கிடைத்தது. முன்பு வைத்திருந்த புண்ணியவான் சரியான வழிகளுக்கெல்லாம் பென்சிலால் டிக் அடித்துவைத்திருந்ததால், அவற்றை அழித்த பிறகே கேடட்கள் கையில் கொடுக்க முடிந்தது.

முதலில் நியாயமாகப் பாராட்டிவிடுகிறேன். மேட்டைக் காத்து நிற்கச் சொன்னால் எந்தக் கேடட்டும் ஆட்களை உச்சியில்தான் நிறுத்துவார். புத்தகம் அதைத் தவறென்று உடனே சொல்வதில்லை. நிம்மதியாகச் சில பக்கங்கள் நடக்கவிட்டு, பிறகு எதிரியின் பீரங்கிகள் தொலைவிலிருந்தே அந்த உச்சியைக் குறிவைப்பதைக் காட்டுகிறது. ஆட்களைப் பின்பக்கச் சரிவில் நிறுத்தியிருந்தால், எதிரி மேட்டைத் தாண்டி வரும்போதுதான் நம்மைக் காண்பான். அந்த நொடியில் நம் துப்பாக்கிகள் அனைத்தும் அவன்மீது திரும்பியிருக்கும். அதற்கு விலையும் உண்டு: தூரத்தில் நடப்பது நமக்குத் தெரியாது என்பதால் உச்சியில் கண்காணிக்க இருவரையாவது வைத்தாக வேண்டும். இந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் கேடட்களை ஏறி இறங்கச் செய்தபோது, வகுப்பில் கரும்பலகையில் வரைந்து விளக்கியும் ஏறாதது நொடியில் ஏறிவிட்டது. கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலைவர் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழுள்ளவர்களுக்கு விட வேண்டும் என்ற விதியும் அப்படியே. திட்டத்தை நீட்டிக்கொண்டே போனால், பிளட்டூனின் சிறு பிரிவுகளான செக்‌ஷன்கள் இருட்டில் பதுங்குகுழி தோண்டும் அவலத்தைப் புத்தகம் கண்முன் நிறுத்துகிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை என்னை விடாமல் உறுத்துகிறது. முடிவெடுக்க வேண்டிய தருணம் இதுதான் என்று புத்தகமே மணியடித்துச் சொல்லிவிடுகிறது. ‘கண்காணிப்பு நிலையிலிருந்து பத்து நிமிடமாகப் பதில் இல்லை, என்ன செய்வீர்கள்?’ என்று கேட்ட மாத்திரத்தில் சிக்கலின் பாதி அவிழ்ந்துவிட்டது. களத்தில், பதில் வரவில்லை என்பதைக் கவனிப்பதல்லவா கடினம்? எங்களுக்குப் பி.ஐ. ஸ்டாஃபாக, அதாவது ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்ட பயிற்றுநராக, வந்திருந்த ஹவில்தார் இதை ஒரே வரியில் சொன்னார்: “சார், ரோந்துல யாரும் நம்மள நிறுத்திக் கேள்வி கேக்க மாட்டாங்க.”

அவர் சொன்னதை ஒரு முகாமில் கண்ணால் கண்டேன். புத்தகத்தில் ஒருமுறைகூடத் தோற்காத கேடட் ஒருவர் ஏரிக்கரை வழியே தம் செக்‌ஷனை நடத்திச் சென்றார். முன்னே போன ஸ்கவுட் இருவரும் நின்றுவிட்டார்கள். கைச் சைகை எதுவும் வரவில்லை. அவரோ அதே வேகத்தில் நடந்து, எதிரியாகப் பதுங்கியிருந்த சீனியர்களின் நடுவிலேயே போய் நின்றார். நிறுத்திக் கேட்டிருந்தால் சரியான விடையைச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அச்சிட்ட தாள் வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான்; ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. முடிவே எடுக்காமல் கடந்துபோவதையும் ஒரு தவறான வழியாக அமைத்திருக்கலாமே! மாற்றாக, வழிகளை மறைத்துக்கொண்டு நானே உரக்க வாசித்து, முடிவு தேவைப்படும் இடத்தில் கை தூக்கச் சொன்னேன். தொடக்கத்தில் ஒருவரும் தூக்கவில்லை. பிறகு காற்புள்ளிக்கெல்லாம் தூக்கினார்கள்.

நமது ராணுவத்தில் பிளட்டூனைப் பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்த சுபேதாரோ நாயிப் சுபேதாரோ நடத்துவார் என்பதும், கதையில் இளம் லெப்டினன்ட் நடத்துவதும் பெரிய வேறுபாடாக எனக்குப் படவில்லை. ஒருமுறை விளக்கினால் போதும்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். எஸ்.எஸ்.பி.யின் சூழ்நிலைத் தேர்வில் 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்குத் தம் எதிர்வினையை எழுத வேண்டும். அங்கே தேர்ந்தெடுக்க வழிகள் எதுவும் தரப்படுவதில்லை. அதற்குப் பதில், பிரிட்டிஷ் அதிகாரி எர்னஸ்ட் ஸ்விண்டன் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரைக் களமாக வைத்து 1904இல் வெளியிட்ட ‘தி டிஃபென்ஸ் ஆஃப் டஃபர்ஸ் டிரிஃப்ட்’ என்ற சிறு நூலைப் படிக்கச் சொல்லுங்கள். ஆற்றை நடந்து கடக்கும் துறை ஒன்றை 50 பேருடன் காக்க வேண்டிய லெப்டினன்ட், ஆறு கனவுகளில் அதே போரைத் திரும்பத் திரும்ப நடத்துகிறார். முதல் ஐந்திலும் தோற்கிறார். முதல் கனவில் காவல் ஏற்பாட்டை நாளைக்குத் தள்ளிவைத்து, அக்கம்பக்கப் பண்ணைக்காரர்களை முகாமுக்குள் நடமாட விடுகிறார். அது ஒரு முடிவு என்பதே அவருக்கு உறைக்கவில்லை. நூலும் அந்த இடத்தில் நம்மை நிறுத்திக் கேட்பதில்லை. நண்பரின் மகள் பழக வேண்டியது அதுதான்.

என் பிரதியை இரவல் கேட்டுவிட வேண்டாம். அடுத்த முகாமுக்கு அது எனக்கு வேண்டும்.