மாயாவி பின்அப் கமிஷன்: லேட்டு, ஆனா வொர்த்து

அப்பாவோட 60-ஆவது பொறந்தநாளுக்கு இரும்புக்கை மாயாவி பின்அப் (ஹீரோவை மட்டும் முழுப் பக்கத்துக்கு வரையுற படம்) ஒன்னு ஆர்டர் குடுத்தேன். கரண்ட் ஷாக் வாங்கினா இரும்புக்கை தவிர உடம்பு மொத்தமும் மறைஞ்சு போற காமிக்ஸ் ஹீரோ இவரு. 1972-ல முத்து காமிக்ஸோட முதல் புக்கே இவர்தானே, அப்பா இன்னும் அந்தக் கதையெல்லாம் மனப்பாடமா சொல்லுவாரு.

வரைஞ்சது சிங்கப்பூர் தேக்கா பக்கம் வீட்லயே உக்காந்து வரையுற தம்பி. முதல்ல ஸ்டாம்ப் சைஸ்ல மூணு குட்டி ஸ்கெட்ச் காட்டினாரு, ரெண்டுல வழக்கமான குத்து சண்டை, மூணாவதுல ஷாக் வாங்கி உடம்பு மறையுற அந்த நொடி. "அண்ணே, இதாண்ணே மாயாவி"ன்னாரு, சரின்னுட்டேன்.

11க்கு 17 இன்ச் பிரிஸ்டல் போர்டுல (வரையுறதுக்கான கெட்டி அட்டை) லேசான நீல பென்சில்ல வரைஞ்சு, அதுக்கு மேல இங்க். ஸ்கேன் பண்ணும்போது நீலத்தை மட்டும் தூக்கிடலாம், அழிரப்பரே வேணாமாம். நேர்ல பாத்தது டிரைபிரஷ்தான், பிரஷ்ல இருக்குற மையை வேஸ்ட் பேப்பர்ல ஒத்தி ஒத்தி கிட்டத்தட்ட காய வச்சுட்டு சர்ருன்னு இழுக்குறாரு, தோள்பட்டை அப்படியே பொடிப்பொடியா கரைஞ்சு போகுது, ஆனா கை மட்டும் கருகருன்னு கெட்டியா நிக்குது. ஒரிஜினல் ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோவோட நிழல் இருக்குல்ல, அதைக் காப்பி அடிக்காம அந்த ஃபீல் மட்டும் கொண்டு வந்துட்டாரு.

குறைன்னா மூணு வாரம்னு சொல்லி அஞ்சு வாரம் இழுத்துட்டாரு, படத்துல போட்ட கையெழுத்தும் கொஞ்சம் பெருசு. 180 வெள்ளி, பிரேம் தனி.

அப்பா கண்ணாடிய கழட்டிட்டு படத்தைக் கிட்ட வச்சு பாத்துட்டு, "மாயாவி ஷாக் வாங்குற சுவிட்ச் போர்டு நம்ம ஊர் மாடலா இருக்கே"ன்னாரு.