லியேஜா, நார்விச்சா?

போன மாதம் ஒரு பழைய கேப் கைத்துப்பாக்கி வாங்கினேன். கேப் என்பது வெடிமருந்து வைத்த சிறு உலோகத் தொப்பி; சுத்தியல் அதை அடித்தால் துப்பாக்கி வெடிக்கும். கடைசிவரை போட்டியில் இருந்தவை இரண்டு. ஒன்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் செய்தது. மற்றதில் ஓர் ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரரின் பெயரும் 'நார்விச்' என்ற ஊர்ப்பெயரும் பொறித்திருந்தன. இரண்டும் கோட்டுப் பைக்குள் அடங்கும், சுத்தியல் நடுவில் இருக்கும், குழலைத் திருகிக் கழற்றலாம். தோற்றத்தில் பெரிய வித்தியாசமில்லை. நான் நார்விச்சை எடுத்தேன்.

லியேஜ் மட்டமில்லை. விலை ஏறக்குறைய பாதிதான், வேலைப்பாடும் சுத்தம். முட்டை வடிவத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்ற சோதனை முத்திரை, அதாவது குழலை வெடித்துச் சோதித்தபின் குத்தும் அடையாளம், இருந்தது. 1893-ல்தான் அதன் தலையில் கிரீடம் ஏறியது. இதில் கிரீடம் இல்லை, ஆகவே அதற்கு முந்தியது. சரி, யார் செய்தது? பெயரே இல்லை. லியேஜிலிருந்து வந்த மலிவுச் சரக்கில் இது சகஜம்.

நார்விச் துப்பாக்கியின் சோதனை முத்திரை பர்மிங்காமுடையது. அங்கே சோதனைச் சாலை 1813-ல் வந்தது. அந்த முத்திரை 1904 வரை மாறவில்லை. முத்திரையை மட்டும் நம்பினால் காலம் பிடிபடாது. இங்கேதான் பெயர் கைகொடுக்கிறது. நார்விச் இருக்கும் நார்ஃபோக் மாவட்டத்து வியாபாரிகளின் பட்டியல் 1836, 1845, 1854-ஆம் ஆண்டுகளில் அச்சானது. என் ஆள் முதல் இரண்டிலும் இருக்கிறார், மூன்றாவதில் இல்லை. துப்பாக்கி எந்தக் காலத்தது என்று இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது. விற்கும்போதும் இதுதான் பேசும். பெயரும் ஊரும் உள்ள துப்பாக்கியைத் தேடி அந்த ஊர்க்காரர்களே வருவார்கள். பெயரில்லாததை யார் தேடுவார்? ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் இதுவரை விற்றது ஒன்றே ஒன்று, அதுவும் பெயர் பொறித்தது. பெரிய பட்டறைகளின் பெயர் தாங்கிய உயர்ரக லியேஜ் துப்பாக்கிகளை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

அந்தப் பெயர் செய்தவருடையதா, விற்றவருடையதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பர்மிங்காமில் குழலுக்கு ஒருவர், பிடிக்கு ஒருவர், விசைப்பொறிக்கு ஒருவர் என்று வேலை பல கைகளில் பிரிந்திருந்தது. வெளியூர்க் கடைக்காரர்கள் பலர் அங்கிருந்து வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தன் பெயரைப் போட்டு விற்றவரிடம்தானே பழுது என்றாலும் கொண்டுபோயிருப்பார்கள்!

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுதான். கேப் வெடித்தபின் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்து நிப்பிளை, அதாவது கேப் மாட்டும் சிறு முனையை, சுற்றி இரும்பை அரிக்கும். திருகு இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள், குறடு போட்டு முறுக்காதீர்கள்.

பெயருக்காக வாங்குகிறீர்கள் என்றால் ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். சுற்றியுள்ள செடிகொடி வேலைப்பாடு தேய்ந்து, பெயரின் எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால், அது பின்னால் யாரோ பொறித்தது. விட்டுவிடுங்கள்.