தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மாத்திரை: சிங்கப்பூரில் ஓர் அணு மருத்துவப் பிரிவைப் பற்றி

மாத்திரை கொடுக்கும் இடம் அருமை, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாள்தான் சரியில்லை. என் மதிப்பீடு இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம். பாப்பிலரி வகை தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்து சுரப்பியை முழுதாக எடுத்த பிறகு, இங்குள்ள ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் ரேடியோ அயோடின், அதாவது கதிரியக்கமுள்ள அயோடினை விழுங்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். குறைகளும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. அடுத்து போகப்போகிறவர்களுக்கு, அதிலும் வீட்டில் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே எனக்குப் பிடித்துப்போனது, "இது உங்களுக்குத் தேவையா?" என்ற பேச்சை டாக்டரே எடுத்ததுதான். சின்னக் கட்டி, வேறெங்கும் பரவவில்லை என்றால் அயோடின் கொடுக்காமலே கண்காணித்தால் போதும் என்று பிரான்சில் செய்து 2022இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது, 3 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொடுத்தாலும், ஆபத்து குறைந்தவர்களுக்கு 30 மில்லிகியூரியே (மில்லிகியூரி என்பது கதிரியக்க அளவு) 100 மில்லிகியூரி செய்யும் வேலையைச் செய்கிறது என்று 2012இல் பிரிட்டன், பிரான்ஸ் இரண்டு நாட்டு ஆய்வுகளும் சொல்லிவிட்டன. எனக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்ததால் 100 மில்லிகியூரி, அதாவது 3.7 கிகாபெக்கரல். ஏன் இவ்வளவு என்று காரணத்தோடு சொன்னதால் மனம் ஒப்புக்கொண்டது. உங்கள் டாக்டர் இதைச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அயோடினை உடம்பில் முக்கியமாக இழுத்துக்கொள்வது தைராய்டு செல்கள்தான், பாப்பிலரி வகைப் புற்று செல்களிலும் பெரும்பாலும் அந்தக் குணம் இருக்கும். அதனால் அயோடின் 131ஐக் கொடுத்தால் அது தானாகவே தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதிலிருந்து வரும் பீட்டா கதிர் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது, செல்லை அழிப்பது அதுதான். கூடவே வரும் காமா கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வரும். கேமராவில் படம் தெரிவதும் அதனால்தான், நாம் மற்றவர்களிடமிருந்து தள்ளி இருக்க வேண்டியதும் அதனால்தான். புது வைத்தியம் என்று பயப்படாதீர்கள். 1941இலேயே பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் தைராய்டு அதிகமாகச் சுரந்தவருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்திருக்கிறார், தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுத்த விவரத்தை சாமுவேல் சைட்லின் குழு 1946இல் வெளியிட்டது.

இனி சாப்பாட்டு விஷயம். என் பெரிய குறை இங்கேதான். சிகிச்சைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே அயோடின் குறைந்த உணவு, ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள். மிச்சமிருக்கும் செல்கள் அயோடினுக்கு ஏங்கிக்கிடந்தால்தான் மருந்தை நன்றாக இழுக்கும் என்பது காரணம். கொடுத்த தாள் முழுக்க ரொட்டி, சீஸ், சீரியல், ஓட்டல் சூப் இப்படித்தான் இருந்தது. நம் அடுப்படியில் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை, தமிழிலும் இல்லை. எங்கள் வீட்டில் சமைப்பது என் மாமியார், அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நாலு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கிற ஊரில், ஒரு பக்கத்தாள் தமிழில் இல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அதனால் உணவியல் நிபுணரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நானே எழுதிக்கொண்டேன். முதல் எதிரி உப்பு. இந்தியாவில் சமையலுக்கு விற்கும் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம், ஆகவே தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வாங்கும் இந்திய உப்புப் பொட்டலத்தை நம்ப முடியாது, அட்டையை வாசித்து அயோடின் சேர்க்காததைத் தேடி எடுங்கள். கடல் உப்பும் வேண்டாம் என்றார்கள். வீட்டு உப்பை மாற்றினால் மட்டும் போதாது, ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புக் கலந்த கடை மசாலாப்பொடி எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். மீன், இறால், இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு), பெலாச்சான் (இறால் விழுது) கூடாது. நோன்பு மாதத்தில் செய்யும் கடல்பாசி கூடாது, அகர் அகர் என்பதும் அதே கடற்பாசிதான். பால், தயிர், மோர், முட்டை மஞ்சள் கரு, சோயா பொருட்கள் வேண்டாம். தயிர் இல்லாத நாட்கள் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தன. கோப்பிக்கடையில் பால் சேர்க்காத கோப்பி ஓ, தே ஓ குடிக்கலாம், பரோட்டா பக்கம் போகாதீர்கள், எந்த உப்புப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. எங்களுக்குக் கைகொடுத்தவை சோறு, வீட்டில் அரைத்த தோசை மாவு, பருப்பு, காய்கறி, தேங்காய், பழம். புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டு மாமியார் வைத்த ரசத்தில் உப்புக் குறை தெரியவே இல்லை. இன்னொன்று, சமீபத்தில் சிடி ஸ்கேனுக்கு ஊசி வழியாகச் சாயம் ஏற்றியிருந்தால் அதிலும் ஏகப்பட்ட அயோடின் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டி வரலாம்.

அப்புறம் டிஎஸ்எச், அதாவது தைராய்டு செல்களைத் தூண்டி அயோடினை இழுக்க வைக்கும் ஹார்மோன், ரத்தத்தில் ஏற வேண்டும். சுரப்பி இல்லாததால் தினமும் போடும் தைராக்சின் ஹார்மோன் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி ஏற்றுவது ஒரு வழி, உடம்பு சோர்ந்து குளிரெடுத்து மந்தமாகிவிடும். மாத்திரையை நிறுத்தாமல், டிஎஸ்எச் போலவே வேலை செய்யும் ஊசியை இரண்டு நாள் போட்டு மூன்றாம் நாள் அயோடின் கொடுப்பது இன்னொரு வழி. வேலைக்குப் போகிறேன், பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் ஊசியை எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஊசியின் விலை எனக்குக் கொடுத்த செலவு மதிப்பீட்டில் இல்லவே இல்லை. விலை கொஞ்சநஞ்சம் இல்லை, எனவே மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலும் காப்புறுதியிலும் எது எவ்வளவு போகும் என்று தேதி வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் தேதியும் ஒருமுறை மாறியது, தனியறைகள் குறைவு என்பது புரிகிறது, ஆனால் வெறும் குறுஞ்செய்தியில் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறவருக்குத் தேதி தள்ளிப்போவது சின்ன விஷயம் இல்லை. ஒரு போன் போட்டிருக்கலாம்.

தனியறைக்குப் போன பிறகு குறை சொல்ல எதுவும் இல்லை. கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்த பிறகே மாத்திரை. ஈயப் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், தண்ணீரோடு விழுங்கினேன், அவ்வளவுதான். வாந்தி வராமலிருக்க முன்பே மருந்து. தாதி கதவருகே நின்று, "அக்கா, தண்ணி குடிச்சிக்கிட்டே இருங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க" என்று நேரத்துக்கு நேரம் நினைவுபடுத்தினார், ஏனென்றால் செல்கள் எடுத்துக்கொள்ளாத அயோடின் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும், முதல் இரண்டு நாளில்தான் அதிகம். உட்கார்ந்தே போக வேண்டும், மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொஞ்சம் அயோடினை இழுப்பதால் தாடை வீங்கலாம், ருசி மாறலாம், எனக்குக் கொஞ்ச நாள் நாக்கில் இரும்பு வாசனை இருந்தது. உமிழ்நீர் ஊற எலுமிச்சை மிட்டாய் சப்புவதை முதல் 24 மணி நேரம் வேண்டாம் என்றார்கள், வேறு இடங்களில் வேறு மாதிரி சொல்கிறார்கள், உங்கள் பிரிவில் சொல்வதைக் கேளுங்கள். போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் குறைவாகக் கொண்டு போங்கள்.

இந்தப் பிரிவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளருக்காக. அளவுமானியோடு வந்து என்னிடமிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார். அனுப்புமுன் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் படத்தை ஒரு தாளில் வரையச் சொல்லி, எந்த அறையில் யார் படுப்பது, எந்தக் கழிவறை எனக்கு, சின்னவள் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமியார் போனில் "தம்பி, சுவர் வழியா வருமா?" என்று கேட்டபோது அவசரப்படாமல் தமிழிலேயே பதில் சொன்னார்: "சுவரும் ஓரளவு தடுக்கும்மா, ஆனா தூரம்தான் முக்கியம், ரெண்டு மடங்கு தள்ளி நின்னா கதிர் நாலில் ஒரு பங்காக் குறையும்." அந்த ஒரு பதிலில் வீட்டில் பாதிப் பயம் போய்விட்டது. அயோடின் 131இன் அரை ஆயுள் சுமார் 8 நாள், ஆனால் சுரப்பி இல்லாத உடம்பிலிருந்து அதைவிட வேகமாகவே வெளியேறிவிடும் என்பதையும் அவர்தான் விளக்கினார். தனிப்படுக்கை, தனித்துண்டு, துணியைத் தனியாகத் துவைப்பது எல்லாம் சமாளிக்கலாம். பிள்ளையை மடியில் வைக்கக் கூடாது என்பதுதான் கடினம், அதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லித் தயார்படுத்துங்கள்.

சில நாள் கழித்து உடம்பு முழுக்க ஸ்கேன். கேமரா முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வரும், மூடிய இடம் ஆகாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அறை குளிரும், சால்வை எடுத்துப் போங்கள். படத்தில் வாய், வயிறு, கல்லீரல், சிறுநீர்ப்பை பக்கம் கறுப்பாகத் தெரிந்ததைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது, இவை இயல்பாக அயோடின் போகும் வழிகள்தான் என்று டாக்டர் சொன்னார். கழுத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சத் திசு. சந்தேகமான இடத்தைச் சிடியோடு சேர்த்தெடுத்த படத்தில் இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். இனிமேல் தைரொகுளோபுலின், அதாவது தைராய்டு செல்கள் உண்டாக்கும் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனைதான் தொடர்ந்து பார்க்க வேண்டியது, கூடவே அதற்கான எதிர்ப்புப் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அது இருந்தால் முதல் எண்ணை நம்ப முடியாது. குழந்தை திட்டமிடுகிறவர்கள் குறைந்தது 6 மாதம் பொறுக்க வேண்டும்.

கடைசியாக, சிகிச்சை எடுத்ததற்கான கடிதத்தை அவர்களாகக் கொடுக்கவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் இருக்கும் கதிர் உணர்கருவிகள் சில வாரங்கள் வரை, சில சமயம் 3 மாதம் வரைகூட நம்மைக் காட்டிக்கொடுக்கலாம். ஜொகூருக்கு வாரம் தவறாமல் போய் வருகிறவர்கள், சென்னைக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள், மருந்தின் பெயர், அளவு, தேதி, பிரிவின் தொலைபேசி எண் நான்கும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.