நிழல்வலையா, நல்ல தண்ணீரா? அகல இலைச் செடிகளின் கருகலுக்கு எது மருந்து

அலோகேசியா போன்ற அகல இலைச் செடியின் இலை கருகினால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நிழல்வலைதான். ஆனால் மொட்டைமாடித் தோட்டங்களில் இலையைக் கருக்குபவர்கள் இரண்டு பேர்: மேலே வெயில், கீழே தண்ணீரோடு வந்து மண்ணில் தேங்கும் உப்பு. உப்பு கருக்கிய செடிக்கு எத்தனை வலை கட்டினாலும் ஓரம் காய்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டையும் இலையே காட்டிக்கொடுக்கும். வெயில் சுட்ட தழும்பு இலையின் நடுவில், மேற்கு வெயில் விழும் பக்கத்தில் இருக்கும். முதலில் வெளுக்கும், இரண்டு மூன்று நாளில் காகிதம்போல் காய்ந்து பழுப்பாகும். மேலே வேறோர் இலை மறைத்த இடம் மட்டும் கோடு கிழித்ததுபோல் பச்சையாக நிற்கும். நர்சரி நிழலில் வளர்ந்த செடியை வாங்கிய அன்றே மாடியில் வைத்தால் இப்படித்தான் ஆகும். காலை வெயிலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்ட வேண்டும்.

உப்புக் கருகல் நுனியிலும் ஓரத்திலும், அடி இலைகளில் முதலில், வாரக்கணக்கில் மெதுவாக ஏறும். தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெண்படிவம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வாழையில் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறைவும் அடி இலை ஓரத்தில்தான் தொடங்கும்; ஆனால் அங்கே மஞ்சள் பட்டை முன்னால் வரும், பழுப்பு பின்னால். அங்கங்கே வட்டப்புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம், மழைக்குப் பின் பெருகுகிறது என்றால் அது பூஞ்சணம், வேறு கதை.

வலை: 50ஆ, 75ஆ?

அகன்ற இலையின் மேல் காற்று ஒட்டிக்கொண்டு நிற்பதால் சூடு சட்டென இறங்காது. நீராவிப்போக்குதான் அதற்குக் குளிர்ச்சி. கொதிக்கும் தொட்டிக்குள் இருக்கும் வேரால் அந்த வேகத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடிவதில்லை. (காற்றில் கிழிந்து தொங்கும் வாழை இலையைப் பார்த்து வருந்த வேண்டாம், குறுகிய கீற்றுகள் எளிதில் சூடாறும்.)

வலையில் சொல்லும் 50, 75 சதவீதம் என்பது தடுக்கப்படும் ஒளியின் அளவு. தரையில் நட்ட வாழைக்கும் கல்வாழைக்கும் வலையே தேவையில்லை. ஹெலிகோனியாவுக்கும் அலோகேசியாவுக்கும் 50 போதும். மான்ஸ்டெரா, கலாத்தியா இரண்டும் கோடையில் 75 கேட்கும். ஆனால் 75ஐ ஆண்டு முழுக்கக் கட்டிவைப்பது தவறு. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் காம்பு நீண்டு, இலை மெலிந்து வரும். வலையை எடுத்ததும் முதலில் கருகுவது அந்த மெல்லிய இலைதான். எங்கள் தேர்வு: நிரந்தரமாக ஒரு 50, ஏப்ரல் முதல் ஜூன் வரை அதன்மேல் இன்னொரு 50. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய கால்பங்கு ஒளியே இறங்கும், அதாவது 75தான். உயரம் ஏழெட்டு அடி. தலைக்கு ஓரடி மேலே கட்டிய கறுப்பு வலை சூட்டைச் செடிமேலேயே இறக்கும்.

தண்ணீர்: போர்வெல், ஆர்ஓ, ஏசி

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் வலைக்கு முன்னால், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். அது 500 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) கீழே காட்டினால் பெரும்பாலான செடிகளுக்குக் கவலையில்லை. 1000ஐத் தாண்டினால் கலக்காமல் ஊற்றக் கூடாது. ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. 1200 உள்ள போர்வெல் நீரில் அதைச் சரிபாதி கலந்தால் 600 அளவுக்கு இறங்கிவிடும். மழைநீர் அதைவிட மேல், பிடித்துவைக்க இடம் இருந்தால்.

ஆர்ஓ குடிநீரைச் செடிக்கு ஊற்றுவது வீண்செலவு. அதன் கழிவுநீரை ஊற்றுவது செடிக்கே கேடு: இயந்திரம் பாதியை வெளியே தள்ளினால், உள்ளே போன உப்பெல்லாம் அந்தப் பாதியில் ஏறி ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியின் நீரும் ஆகாது. கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. கொதிக்கவைத்து ஆற்றினால் சோடியமும் குளோரைடும் போகாது.

தேங்கிய உப்பைக் கழுவ, 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர் தண்ணீரை அரைமணி நேரத்தில் மெல்ல ஊற்றி, அடியில் வடிவதைக் கொட்டிவிட வேண்டும். மாதம் ஒருமுறை போதும். கடைசி இரண்டு லிட்டர் உங்களிடம் உள்ள நல்ல நீராக இருக்கட்டும். கழுவாத தென்னைநார்க் கழிவிலும் உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்து மூன்று தரம் பிழிந்த பிறகே மண்ணில் கலக்க வேண்டும்.

இலைமேல் தெளிப்பது

உச்சிவெயிலில் நீர்த்துளி பூதக்கண்ணாடியாகி இலையைச் சுடும் என்பார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் சோதித்ததில் வழவழப்பான இலைகள் சுடவில்லை. துளியை உயர்த்திப் பிடிக்கும் ரோமமுள்ள இலையில்தான் அந்த ஆபத்து. உண்மையில் சுடுவது வெயிலில் அடித்த வேப்பெண்ணெய். அதைத் தெளிப்பதானால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, மாலை ஐந்துக்கு மேல்.

கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது. மருந்து பலித்ததா என்பதை அடுத்து விரியும் இலையில்தான் பார்க்க முடியும். பாதிக்கு மேல் காய்ந்த இலையை அடியோடு நறுக்குங்கள். ஓரம் மட்டும் காய்ந்திருந்தால் பழுப்பில் ஒரு நூலளவு விட்டு வெட்டுங்கள். பச்சையைத் தொட்டு வெட்டினால் அங்கே புதிதாக ஒரு பழுப்புக் கோடு விழும்.